சிவப்பு மூடி போட்ட சாட்சி

மாடிப்படியில் ஏறி வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார் துப்பறியும் நிபுணர் ராயப்பராஜ். சொன்னது சரியாக இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது.

"கனத்த சரீரம். ஆம்பளை. கோவமா வாரான். அநேகமா வீட்டு ஓனர்," என்றார், மேஜைக்கு அடியில் குனிய ஆயத்தமாகிக்கொண்டே.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது ஒல்லியான ஓர் இளம்பெண். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஓனரு ரொம்ப இளைச்சுப் போயிட்டாரு சார்," என்றாள் ஹாஃபிஸா.

ஹாஃபிஸா அவருடைய உதவியாளர். டைப் அடிக்க வந்து சேர்ந்தவள். அடிக்க ஒன்றும் இல்லாததால் ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ சொல்வது, முதலாளியின் காலை வாருவது ஆகிய மூன்று இலாகாக்களையும் தானே எடுத்துக்கொண்டுவிட்டாள். மூன்றாவதில்தான் அவளுக்கு நல்ல தேர்ச்சி.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அலுவலகம். 'எதையும் கண்டுபிடிப்போம்' என்று வாசலில் பலகை. இதுவரை கண்டுபிடித்ததில் பெரும்பகுதி மாப்பிள்ளைகளின் உண்மையான வயது. கீழே 'டொங்கு டொங்கு' என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்கார வாஜித் நல்ல மெக்கானிக்தான். ஆனால் கொஞ்ச நாளாக அவனுக்கு என்ன வந்ததோ, ஒழுங்காக ஓடுகிற ஃப்ரிட்ஜைக்கூடப் பிரித்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். அன்றொரு நாள் படியேறி வந்து ஏதோ சந்தேகம்கூடக் கேட்டான். ராயப்பராஜ் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஒரே வரியில் தீர்த்துவைத்தார். யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்வது தொழிலுக்கு இழுக்கு என்பது அவருடைய கொள்கை.

வந்தவள் உட்கார்ந்தாள். "என் பேரு ஐரின் சார். ஊருக்கு வெளிய இருக்கிற காலேஜ்ல பிஎச்டி பண்றேன். இன்னைக்குச் சாயங்காலத்தோட முடிஞ்சிரும்."

"நல்ல விஷயந்தானேம்மா. வாழ்த்துகள்."

"துரத்தப் போறாங்க சார்."

ராயப்பராஜ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, அதே கையால் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

ஐரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் இருக்கு சார். அந்தச் சட்டத்தைச் செல்லோட ஓரத்துல இழுத்துக் கட்டி வைக்கிற புரதங்கள்ல ஒன்னு வின்குலின். காயம் ஆறும்போது தோல் செல்லெல்லாம் நகர்ந்து வந்து மூடுதுல்ல, அப்ப இந்த வின்குலின் கூடுதா குறையுதான்னு பார்க்கிறதுதான் என் ஆராய்ச்சி."

"பார்க்கிறதுன்னா பூதக்கண்ணாடி வச்சா?" சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினார் ராயப்பராஜ்.

"அதுல தெரியாது சார். ஆயிரக்கணக்கான புரதம் கலந்து கிடக்கும். அம்புட்டுக்குள்ளயும் வின்குலினை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கிற மருந்து ஒன்னு இருக்கு. மோனோக்ளோனல் ஆன்டிபாடின்னு சொல்லுவோம். அது ஒட்டுன இடத்துல, கடைசியா எடுக்கிற படத்துல ஒரு கறுப்புக் கோடு விழும்."

"வேற எது மேலயும் ஒட்டாதா?"

"ஒட்டாது சார். அதுக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். ஆனா அந்த ஆளு எங்க ஒளிஞ்சிருந்தாலும் விடாது."

ராயப்பராஜுக்கு நெஞ்சுக்குள் லேசாகச் சுருக்கென்றது. இத்தனை வருஷத் தொழிலில் அவரைப் பற்றி யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேவலம் ஒரு சொட்டு மருந்து!

"பேசாம அதை இங்க வேலைக்கு எடுத்துக்கலாம் சார். டீகூடக் கேக்காது," என்றாள் ஹாஃபிஸா.

விஷயம் இதுதான். ஐரின் அந்த மருந்தைச் சின்னஞ்சிறு குழல்களில் பிரித்து, சிவப்பு மூடி போட்டு, ஆய்வகத்து ஃப்ரீசரில் வைத்திருந்தாள். மூன்று வருஷமாகக் கோடு அழகாக விழுந்தது. ஆய்வை ஒப்படைக்கும் முன் கமிட்டிக்கு முன்னால் ஒரு தடவை சோதனையைச் செய்து காட்ட வேண்டும் என்பது அந்தக் கல்லூரி வழக்கம். ஆராய்ச்சி செய்தவர் கை வைக்கக்கூடாது, வேறொருவர்தான் செய்ய வேண்டும். சில நாளைக்கு முன் நடந்த அந்தச் சோதனைக்கு, துறைத் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் காலையிலேயே குழலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். ரோஷன் என்கிற சக மாணவன் சோதனையைச் செய்தான். ஐரின் வாசலில் நின்று பார்த்தாள். படம் வெள்ளையாக வந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"அப்ப இதுக்கு முந்தி எடுத்த படமெல்லாம் நீயா கம்ப்யூட்டர்ல வரைஞ்சதான்னு கேக்குறாங்க சார். எங்கப்பா ஊரெல்லாம் எம்பொண்ணு டாக்டரம்மான்னு சொல்லிட்டு இருக்காரு. இப்ப ஃப்ராடுன்னு பேரெடுத்துட்டு எந்த முகத்தோட வீட்டுக்குப் போவேன்? வேற மருந்து வெளிநாட்டுல இருந்து வர மாசக்கணக்காகும். இன்னைக்குச் சாயங்காலம் கமிட்டி முடிவு சொல்லிரும்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எம்புட்டு அருமையான மருந்து சார் அது. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கையோட, செத்த நேரம்கூடக் காத்திருக்காம, பிப்பெட்ல அப்படியே தேன் மாதிரி உறிஞ்சி விட்டுட்டு வேலையை ஆரம்பிச்சிருவேன். போன மாசம் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம்னு தூத்துக்குடி போனேன். திரும்பி வந்து நான் குழலைத் தொடவே இல்லை. அதுக்குள்ள யாரோ என்னவோ பண்ணிட்டாங்க."

"சந்தேகம்?"

ஐரின் தயங்கினாள். "சொல்லக் கஷ்டமா இருக்கு. ரோஷனும் அதே ஃப்ரீசரைத்தான் பயன்படுத்துறான். நான் இல்லாதப்ப அவன் தெர்மோகோல் பெட்டியைத் தூக்கிட்டுப் போனதை வாட்ச்மேன் பார்த்திருக்காரு."

ராயப்பராஜ் எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினார். கேஸ் முடிந்துவிட்டதாகவே அவர் மனசு சொன்னது. அது வழக்கமாக அப்படித்தான் சொல்லும்.

*

பேராசிரியர் ஸ்தனிஸ்லாஸ் நத்தைகளில் நிபுணர். சிறுமலை நத்தைகளை ஓட்டை வைத்தே இனம் பிரித்துவிடுவார். துறைத் தலைவர் ஆன பிறகு செல், புரதம் என்று வந்து சேர்ந்த நவீன சமாசாரங்களையெல்லாம் மரியாதையோடு தூர நின்று பார்ப்பதே அவர் பழக்கம். ஐரினை உள்ளே விட அவருக்கு அனுமதி இல்லை. துப்பறிகிறவர்களை விடக்கூடாது என்று விதி எதுவும் எழுதப்படாததால் இவர்களை உள்ளே விட்டார்.

"மீதிக் குழல்கள் அப்படியே இருக்கின்றன. சாவி என்னிடம்தான். நானும் அந்தப் பெண் நல்லவள் என்றுதான் நினைத்தேன்," என்று பெருமூச்சோடு ஃப்ரீசரைத் திறந்தார். "இயந்திரத்தையும் குறை சொல்ல முடியாது. போன மாதம்தான் பழுது பார்த்தோம்."

சின்னப் பெட்டி ஒன்றில் சிவப்பு மூடிகள் வரிசையாக இருந்தன. ராயப்பராஜ் ஒரு குழலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். மேஜையில் தட்டினார். டக் டக்.

"கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு," என்றார்.

"ஃப்ரீசரில் வைத்தால் உறையத்தானே வேண்டும்," என்றார் பேராசிரியர்.

"அதேதான் நானும் சொல்றேன். இதுல யாரும் கை வைக்கலை. வச்சிருந்தா வெளிய எடுத்திருப்பான், உருகியிருக்கும். எம் பார்வைக்குத் தப்பாது. ஆகவே, அன்னைக்குச் சோதனைக்கு எடுத்த குழலை மட்டும் ரோஷன் மாத்தியிருக்கணும். எங்க அவன்?"

"இன்று விடுமுறை போட்டிருக்கிறான். ரெட்டியார்சத்திரம் பக்கம் வீடு."

"பார்த்தியா!" என்று ஹாஃபிஸாவைப் பார்த்தார் ராயப்பராஜ். "கமிட்டி கூடுற அன்னைக்கு லீவு!"

"லீவு போட்டவன் எல்லாம் குற்றவாளின்னா, போன வாரம் நீங்க போட்டதுக்கு எந்த ஜெயிலு சார்?" என்றபடி அவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

*

பழனி ரோட்டில் ஸ்கூட்டர் பறந்தது. பின்னால் உட்கார்ந்து வேட்டியை ஒரு கையாலும் உயிரை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த ராயப்பராஜ், ரோஷனை மடக்கும் காட்சியை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். முதலில் ஒரு புன்னகை. பிறகு ஒரு மௌனம். பிறகு, "ஆட்டம் முடிஞ்சது தம்பி!"

ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு தோட்டத்து வாசலில் மினி வேன் நின்றது. அதில் தெர்மோகோல் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். 'உடையும் பொருள், குளிரில் வைக்கவும்' என்று பெட்டிகளின் மேல் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. ஆய்வகத்துப் பெட்டிகளேதான்.

ராயப்பராஜ் வண்டி நிற்கும் முன்பே குதித்தார். வேட்டி மட்கார்டில் மாட்டிக்கொண்டதால் புன்னகையும் மௌனமும் ரத்தாயின. தரையில் இருந்தபடியே, "ஆட்டம் முடிஞ்சது தம்பி!" என்று கத்தினார்.

"ஐயோ, அடிபட்டிருச்சா சார்?" என்று ஓடி வந்து தூக்கிவிட்டான் ரோஷன்.

எழுந்த வேகத்தில் அவர் முதல் பெட்டியின் மூடியைப் பிடுங்கினார். குப்பென்று மல்லிகை வாசம். பெட்டி நிறைய மொட்டு. நடுவில் ஐஸ் பைகள்.

"எங்க மாமா தோட்டத்துப் பூ சார், வெளியூருக்குப் போகுது," என்றான் ரோஷன், முகம் வெளுத்து. "லேப்புக்குப் பார்சல் வர்ற பெட்டியும் ஐஸ் பையும் குப்பைக்குத்தானே போகுதுன்னு எடுத்துட்டு வாரேன். இதுக்கா காலேஜ்ல போலீஸ் வச்சிருக்காங்க?"

"போலீஸ் எல்லாம் இல்லை, பயப்படாதீங்க. இவரு சும்மா," என்றாள் ஹாஃபிஸா. அந்த 'சும்மா'வை ராயப்பராஜ் பெருந்தன்மையோடு விழுங்கிக்கொண்டார்.

ஐரினின் பெயரைச் சொன்னதும் ரோஷனின் கண் கலங்கிவிட்டது. "அந்த அக்காவுக்கு நான் ஏன் சார் கெடுதல் நினைக்கப் போறேன்? நான் காளான் ஆராய்ச்சி பண்றவன். அந்த மருந்தை அன்னைக்குத்தான் முதல் தடவை தொடுறேன். எச்.ஓ.டி மேஜையில எடுத்து வச்சிருந்தாரு. உறிஞ்சுனேன், தண்ணி மாதிரி சர்ருன்னு ஏறுச்சு. எழுதி வச்சிருந்தபடிதான் செஞ்சேன். படம் வெள்ளையா வரவும் எனக்கே நம்ப முடியலை. இன்னைக்கு அவங்க முகத்தைப் பார்க்க முடியாமத்தான் லீவே போட்டேன்."

பொய் சொல்கிற முகமில்லை. வேன் கிளம்பிப் போனது. ராயப்பராஜின் கேஸும் அதோடு ஏறிப் போய்விட்டது.

*

திரும்பும் வழியில் ஒரு சர்பத் கடையில் ஸ்கூட்டர் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. முழங்கால் வேறு சிராய்த்து எரிந்தது.

"வயசான காலத்துல மாப்பிள்ளை விசாரிக்கிறதோட நிறுத்தியிருக்கலாம்," என்றார் ராயப்பராஜ் பரிதாபமாக. "அந்தப் புள்ள நம்மளை நம்பி உட்கார்ந்திருக்கு. நான் பூ முகர்ந்துட்டு வாரேன்."

ஹாஃபிஸா முதல் தடவையாக அவர் காலை வாராமல் இரண்டு சர்பத் சொன்னாள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைக்காரர் ஃப்ரீசரைத் திறந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். முழுக்க ஐஸாகியிருந்தது. கவிழ்த்துக் குலுக்கினார், ஒரு சொட்டு வரவில்லை. அலுத்துக்கொண்டே பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். டக் டக். பிறகு அதே ஃப்ரீசரிலிருந்து நன்னாரி பாகு பாட்டிலை எடுத்துச் சாய்த்தார். அது நிதானமாக, தேன் மாதிரி, டம்ளருக்குள் இறங்கியது.

ராயப்பராஜ் டம்ளரை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஹாஃபிஸா! காலையில அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு? ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கையோட..."

"தேன் மாதிரி உறிஞ்சி விட்டுருவேன்னு சொல்லுச்சு." அவள் கண்கள் விரிந்தன. "செத்த நேரம்கூடக் காத்திருக்காம!"

"நான் தட்டிப் பார்த்தது?"

"டக் டக்!"

சர்பத்தை மறந்து போனைப் போட்டார். "ஏம்மா ஐரின், உன் மருந்தை எதுல கலந்து வச்சிருக்கு?"

"பாதிக்குப் பாதி கிளிசரின் சார். கம்பெனியிலேயே கலந்துதான் வரும். உறைஞ்சு உறைஞ்சு உருகினா மருந்து வீணாப் போயிரும். அந்த ஃப்ரீசர் குளிருக்கு கிளிசரின் இருந்தா உறையாது. ஏன் சார் கேக்குறீங்க?"

"உன் குழலெல்லாம் கல்லா உறைஞ்சு கிடக்கும்மா."

ஐரின் மெதுவாகச் சொன்னாள். "அப்ப அது என் மருந்தே இல்ல சார். வெறும் தண்ணி."

போனை வைத்த ராயப்பராஜின் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. "விவரம் தெரிஞ்சவன் மாத்தியிருந்தா கிளிசரினை ஊத்தி வச்சிருப்பான். இவன் தண்ணியை ஊத்தியிருக்கான். ஏன்? ஃப்ரீசர்ல வச்சது உறைஞ்சிருந்தாத்தான் நல்லதுன்னு நம்புற ஆளு. அப்படிப்பட்ட ஆளு யாரு?"

"நீங்க சார். காலையில தட்டிப் பார்த்து சர்டிபிகேட்டே குடுத்தீங்க."

"என்னைத் தவிர."

"எச்.ஓ.டி."

"நத்தையை விடு. ஃப்ரீசரைத் திறக்கிற வேலை வேற யாருக்கு வரும்? போன மாசம் பழுது பார்த்தாங்கன்னு சொன்னாரே!"

பேராசிரியருக்குப் போன் போனது. "மெக்கானிக்கா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "உங்கள் அலுவலகத்துக்குக் கீழே கடை வைத்திருக்கிறாரே, வாஜித். நீங்கள்தான் தனக்கு எல்லா யோசனையும் சொல்வீர்கள் என்று ரொம்பப் பெருமையாகப் பேசினார்."

*

வாஜித்தின் கடையில் நடக்க இடமில்லை. பிரித்துப் போட்ட ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவில் அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும், "காலேஜ் விஷயமாண்ணே?" என்றான். ராயப்பராஜ் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை.

"அல்லா சத்தியமா நான் திருடலைண்ணே. ஃப்ரீசரைச் சரி பண்ணி, ஜாமானையெல்லாம் உள்ள வச்சு, மறுநாள் வந்து பார்க்கிறேன். எல்லாம் நல்லா உறைஞ்சிருக்கு. அந்தச் சிவப்பு மூடி மட்டும் தளதளன்னு கிடக்கு. நம்ம கை வச்சதுல மருந்து போச்சுடா வாஜித்துன்னு எனக்கு உசுரே போயிருச்சு. இம்புட்டூண்டு குழல்ல வர்ற மருந்து என்ன விலை இருக்குமோ, கேஸ் போட்டுருவாங்களோன்னு பயந்து, அதை ஹோமியோபதி பாட்டில்ல வழிச்சு எடுத்துட்டு, குழல்ல தண்ணியை விட்டுட்டேன். கல்லா உறைஞ்சிருந்தா எம்மேல பழி வராதுல்ல?" பிறகு, இதாவது தனக்குச் சாதகமாக இருக்கட்டும் என்பதுபோலச் சேர்த்துக்கொண்டான். "பைப்புத் தண்ணி ஊத்தலைண்ணே. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற சுத்தமான தண்ணி."

"பாட்டில் எங்க?"

வாஜித் மூலையில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் ஃப்ரீசரைத் திறந்து விரல் நீளப் பாட்டில் ஒன்றை எடுத்தான். சாய்த்துக் காட்டினான். உள்ளே அடிமட்டத்தில் கொஞ்சம் திரவம் நிதானமாக நகர்ந்தது.

"இன்னும் உறையலைண்ணே!" என்றான் அழாக்குறையாக. "இதை உறைய வச்சுத் திருப்பிக் குடுத்துரலாம்னு அன்னையில இருந்து பார்க்கிறேன். எந்தப் பொட்டியில வச்சாலும் மாட்டேங்குது. கூலிங் கேஸ் மாத்திட்டேன், கம்ப்ரஸர் மாத்திட்டேன். நல்லா ஓடுன ஃப்ரிட்ஜையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டேன். எனக்குக் கைத்தொழிலே மறந்து போச்சுண்ணே. தொழிலையே விட்டுரலாம்னு இருக்கேன்."

இந்தப் பாட்டில் கிடைத்த சந்தோஷம், மல்லிகைப் பூவில் பட்ட அவமானம், முழங்கால் எரிச்சல் எல்லாம் சேர்ந்து ராயப்பராஜுக்குத் தலைக்கு ஏறியது. இடுப்பில் கை வைத்து முழங்கினார்.

"அறிவிருக்காடா உனக்கு? ஒரு புள்ளையோட படிப்பே போகப் பார்த்துச்சு! உறையலைன்னா கெட்டுப்போச்சுன்னு எந்த மடையன்டா உனக்குச் சொன்னான்?"

வாஜித் தரையைப் பார்த்தான். ஹாஃபிஸாவைப் பார்த்தான். மாடிப்படியைப் பார்த்தான்.

"சொல்லுடா, யாருக்குப் பயப்படுற?"

"நீங்கதாண்ணே."

கடையில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு ஃப்ரிட்ஜும் சரியாக அப்போது நின்று போனது.

"மேல வந்து கேட்டேனேண்ணே. ஃப்ரீசர்ல வச்ச மருந்து உறையலைன்னா என்ன அர்த்தம்னு. பேப்பரைப் பார்த்துக்கிட்டே, கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், அந்த மெக்கானிக்கைப் பிடிச்சு உள்ள போடணும்னு சொன்னீங்க. படிச்ச மனுசன், எதையும் கண்டுபிடிக்கிறவரு, தப்பாவா சொல்லுவீகன்னு..."

ராயப்பராஜுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவர் படித்துக்கொண்டிருந்தது ராசிபலன். அவர் ராசிக்கு 'வாக்கு பலிக்கும்' என்று போட்டிருந்தது.

ஹாஃபிஸா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "சார்," என்றாள் ஒருவழியாக, "மடையனைக் கண்டுபிடிச்சாச்சு. கேஸ் முடிஞ்சதுன்னு எழுதிக்கவா?"

*

சாயங்காலம் கமிட்டி கூடியிருந்தது. ரோஷன் செய்த சோதனைக்காகப் புரதம் ஏற்றிய மெல்லிய தாளில் பாதி குளிரில் பத்திரமாக மிச்சமிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் முதலில் யோசித்தார். ராயப்பராஜ் சிவப்பு மூடிக் குழல் ஒன்றையும் ஹோமியோபதி பாட்டிலையும் அவர் கண்முன்னே பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்துக் காட்டியதும், விதியை ஓரமாக வைத்துவிட்டு ஐரினையே உள்ளே அழைத்துவிட்டார்.

அவள் பாட்டிலிலிருந்து மருந்தை உறிஞ்சினாள். தேன் மாதிரி ஏறியது. தாள் அதில் ஊறியது. அடுத்தடுத்த கழுவல்கள் நடந்தன. அத்தனை நாள் ஊர் ஃப்ரிட்ஜுகளில் எல்லாம் குடியிருந்துவிட்டு வந்த மருந்து உயிரோடு இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. வாஜித் உள்ளே வர மறுத்து வராந்தாவில் சுவரோரம் நின்றிருந்தான். அவன் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. ராயப்பராஜும் சட்டைக்குள் கிடந்த சிலுவையை இரகசியமாகப் பிடித்துக்கொண்டார்.

கருவியின் திரை முதலில் வெறுமையாக இருந்தது. ஐரின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, பார்," என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

திரையில் மங்கலாக ஒரு நிழல். பிறகு அது கறுத்தது. கறுத்துக் கறுத்து, யார் பார்த்தாலும் மறுக்க முடியாத பட்டையான ஒரு கோடு. வின்குலின் எங்கே ஒளிந்திருந்ததோ அங்கேயே போய்ப் பிடித்திருந்தது அந்தச் சொட்டு. ஐரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஹாஃபிஸா அவள் தோளை அணைத்துக்கொண்டு, தானும் மூக்கை உறிஞ்சினாள். கமிட்டித் தலைவர் எழுந்து வந்து ஐரினின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

அழுகை அடங்கியதும் அவள் செய்த முதல் காரியம் வராந்தாவுக்குப் போனதுதான். "வாஜித் அண்ணே, நீங்க சரி பண்ண ஃப்ரீசர் நல்லாத்தான் இருக்கு. உங்க வேலைல ஒரு குறையும் இல்ல. அந்த மருந்து உறையவே உறையாதுண்ணே."

வாஜித் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டான். "அப்ப என் ஃப்ரிட்ஜெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஒரு மாதமாக அவன் முகத்தில் காணாத சிரிப்பு அப்போது வந்தது.

உள்ளே கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமினார். "குற்றவாளி யார் என்று தெரிய வேண்டும். நடவடிக்கை எடுக்காமல் விட முடியாது."

ராயப்பராஜ் இந்தத் தருணத்துக்காகத்தான் தொழிலுக்கே வந்தவர். அறை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு பேர் சார். ஒருத்தர் பயத்துல செஞ்சவரு. மருந்தைக் கீழ கொட்டாம கண்ணு மாதிரி காப்பாத்துனதும் அவருதான், அவரை விட்டுருங்க. இன்னொருத்தர், தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேப்பரைப் பார்த்துக்கிட்டே சொன்னவரு. நடவடிக்கையை அந்தாளு மேல எடுங்க."

"யார் அவர்?"

ராயப்பராஜ் சட்டைப் பையில் கைவிட்டுத் தன் விசிட்டிங் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். 'எதையும் கண்டுபிடிப்போம்' என்ற வரி மேலே தெரியும்படி.

அறை ஒரு கணம் திகைத்து, பிறகு சிரிப்பில் அதிர்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் கண்ணில் நீர் வர அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

"ஒரு சந்தேகம்," என்றார் பேராசிரியர், தயக்கத்தோடு. "என் நத்தைகளைச் சாராயத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அதை அந்த ஃப்ரீசரில் வைத்தால் உறையுமா?"

ராயப்பராஜின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, நல்ல கம்பீரமான பதில். ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்திருந்த ஹாஃபிஸா புருவத்தைத் தூக்கினாள்.

அவர் வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"எனக்குத் தெரியாது சார். ஐரினைக் கேளுங்க."

ஹாஃபிஸா அவசரமாகப் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."